நட்சத்திரம் போட்ட ஒரு சொல்: பின்னிஷ் 'ஸத' எங்கிருந்து வந்தது?

பின்னிஷ் மொழியில் நூறுக்குச் சொல் 'ஸத'. கிரிக்கெட் வர்ணனையில் நாம் வாரத்துக்கு நாலு தடவை கேட்கும் 'சதம்' மாதிரியே இருக்கிறதே என்று எந்தத் தமிழருக்கும் உடனே தோன்றும். தோன்றுவது சரிதான், கிளம்பிய இடம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் அதற்கு ஆதாரம் அந்த ஒலி ஒற்றுமை இல்லை. ஒரே மாதிரி கேட்பதை மட்டும் வைத்து இணையத்தில் எந்த மொழியையும் எந்த மொழிக்கும் சொந்தமாக்கிவிடலாம், அது தினமும் நடக்கிறது. இந்தச் சொல்லின் வழக்கில் உருப்படியான சாட்சிகள், பின்னிஷின் உறவு மொழிகளில் நூறைக் குறிக்கும், காதுக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத சொற்கள்: ஹங்கேரியனின் 'ஸாஃஸ்', வட சாமியின் 'ச்சுவொஹ்தி', கோமியின் 'ஶோ' ஆகியவைதான்.

எழுத்துக்கூட்டல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னிஷ் சொற்களில் வரும் 'த' எப்போதும் 'தலை'யின் வல்லின த. எஸ்டோனியனில் அது 'பதம்' என்பதில் வருவதுபோல மெலிந்து ஒலிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டையும் பிரித்துக் காட்ட வழியில்லாததால் இரண்டும் 'ஸத' ஆகின்றன. 'ஃஸ்' என்று எழுதியிருப்பது ஆங்கிலத்தில் 'ஜூ' என்று சொல்லும்போது வரும் முதல் ஒலி. 'ஶ' என்பது நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் ஸ.

சரி, முதலில் வீட்டுக்குள் இருக்கும் உறவுகள். பின்னிஷ், எஸ்டோனியன், கரேலியன், வெப்ஸ், வோட்டிக், இங்க்ரியன், லிவோனியன் எல்லாம் சேர்ந்தது பின்னிக் குழு. பால்டிக் கடலின் வடக்கு, கிழக்குக் கரைகளைச் சுற்றியும் ரஷ்யாவின் ஒனேகா ஏரிப் பக்கமும் பேசப்பட்டவை, பேசப்படுபவை. லிவோனியனைத் தாய்மொழியாகப் பேசிய கடைசித் தலைமுறையின் கடைசி மனிதராகக் கருதப்பட்டவர் 2013-இல் கனடாவில் 103 வயதில் இறந்தார். வோட்டிக்குக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு மேற்கே சில கிராமங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள்தான் மிச்சம். நூறு என்பது பின்னிஷிலும் வோட்டிக்கிலும் வல்லின த வரும் ஸத, எஸ்டோனியனிலும் வெப்ஸிலும் மெலிந்த த வரும் ஸத, லிவோனியனில் கடைசி உயிர் நீண்டு 'ஸதா'.

இவற்றிலிருந்து மூலச் சொல்லைத் திரும்பக் கட்டுவது இந்தக் குழுவுக்குள் சுலபம். எஸ்டோனியனில் த மெலிந்தது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை, பானைக்குப் பின்னிஷில் வல்லின 'பத' என்றால் எஸ்டோனியனில் மெலிந்த 'பத', இப்படி வரிசையாகப் போகிறது. லிவோனியனின் நீண்ட ஆவும் அப்படியே, மீனுக்குப் பின்னிஷ் 'கல' என்றால் லிவோனியன் 'கலா'. மாற்றங்கள் எந்தப் பக்கம் நடந்தன என்று தெரிந்துவிட்டதால் அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது *ஸத. முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு அர்த்தம், இந்தச் சொல்லை யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, வாரிசுகளை வைத்து நாமாக ஊகித்தது என்பது. பின்னிக் மொழிகள் ஒரே மொழியாக இருந்தது கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது அந்தக் கரைகளில் எழுத்து என்ற பேச்சே இல்லை. ஊகம் என்றதும் இளக்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விதி வைத்துச் செய்கிற ஊகம் இது, தப்பாக இருந்தால் மாட்டிக்கொள்ளும்.

பின்னிக் குழு யூராலிக் என்ற பெரிய குடும்பத்தின் மேற்குக் கிளை. சாமி, மொர்ட்வின் மொழிகள், மாரி, உத்முர்த், கோமி, ஹங்கேரியன், மான்சி, காந்தி, அதற்கும் அப்பால் சைபீரியாவின் சமோயெது மொழிகள் எல்லாம் இதில் அடங்கும். ஸ்காண்டிநேவியாவின் வடகோடியான லாப்லாந்தில் பேசும் சாமி மொழிக்கும் ஹங்கேரியனுக்கும் உறவு உண்டு என்று முறையாக வாதிட்டுப் புத்தகம் போட்டவர், மொழி ஆராய்ச்சிக்கே போகாத ஒருவர். யானோஷ் ஷாய்னோவிச் என்ற ஹங்கேரிய ஏசுசபைத் துறவி, 1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக மாக்ஸிமிலியான் ஹெல் என்ற வானியலாளருடன் நார்வேயின் வடகோடி வார்டோ தீவுக்குப் போனவர். போன இடத்தில் சாமி மக்களின் பேச்சைக் கவனித்து 1770-இல் புத்தகத்தை வெளியிட்டார். ஹங்கேரியில் பலருக்கு அது பிடிக்கவில்லை, போர்வீரர் பரம்பரை என்று பெருமைப்பட்டவர்களுக்கு மீன் வாசம் அடிக்கும் உறவினர்கள் வேண்டியிருக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் கண்டுபிடித்த ஒலி விதிகளில் இரண்டே இரண்டு நமக்குப் போதும்.

முதலாவது, சொல்லின் தொடக்கத்தில் வரும் ஸ. கண்ணுக்குப் பின்னிஷில் 'ஸில்மா', ஹங்கேரியனில் 'ஸெம்', வட சாமியில் 'ச்சல்ப்மி', எர்ஸ்யா மொர்ட்வினில் 'ஶெல்மெ', கோமியில் 'ஶின்'. அதாவது பின்னிஷும் ஹங்கேரியனும் ஸ சொல்கிற இடத்தில் சாமி ச்ச என்கிறது, எர்ஸ்யாவும் கோமியும் ஶ என்கின்றன.

இரண்டாவது, சொல்லின் நடுவில் வரும் த. கைக்குப் பின்னிஷ் 'கேஸி', ஆனால் அதன் வேர் 'கேதெ-'. (எழுவாயாக வரும்போது கடைசியில் இருந்த இகரம் முன்னால் நின்ற த-வை ஸ ஆக்கிவிட்டது, வேற்றுமை ஏறியதும் வேர் வெளியே வந்துவிடும்.) இதுவே சாமியில் 'கியெஹ்தா', மாரியில் 'கித்', ஹங்கேரியனில் 'கேஃஸ்', கோமியிலும் உத்முர்த்திலும் வெறும் 'கி'. தண்ணீரும் இப்படித்தான்: பின்னிஷில் வேர் 'வெதெ-', ஹங்கேரியனில் 'வீஃஸ்', உத்முர்த்தில் 'வு', கோமியில் 'வ'. ஆக, நடுவில் வரும் த ஹங்கேரியனில் ஃஸ் ஆகிவிட்டது, சாமியில் ஹ்த ஆகிவிட்டது, கோமியும் உத்முர்த்தும் அதை விழுங்கியே விட்டன.

இப்போது நூறுக்கு வாருங்கள். இரண்டு விதியையும் கையில் வைத்துக்கொண்டு, பழைய வடிவம் *ஶத என்று இருந்திருந்தால் ஒவ்வொரு மொழியிலும் என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். ஹங்கேரியனில் ஸ-வில் தொடங்கி ஃஸ்-இல் முடிய வேண்டும்: ஸாஃஸ். சாமியில் ச்ச-வில் தொடங்கி நடுவில் ஹ்த: ச்சுவொஹ்தி. (நடுவில் வரும் அந்த 'உவொ'வும் தற்செயல் இல்லை, பின்னிஷ் 'கல' என்ற மீன் வட சாமியில் 'குவொல்லி'.) எர்ஸ்யாவில் ஶ வைத்து: ஶதோ. கோமியில் த காணாமல் போக வேண்டும்: ஶோ. உத்முர்த்தில் ஶு. எல்லாம் அப்படி அப்படியே இருக்கின்றன. மான்சியில் 'ஸாத்', காந்தியில் 'ஸோத்'. மான்சியில் ஏழுக்கும் அதே ஒலிதான் என்பதால் நூறைப் 'பெரிய ஸாத்' என்றும் சொல்கிறார்கள்.

ஸாஃஸும் ஶோவும் ஒரே சொல் என்று காது ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது, விதி ஒத்துக்கொள்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான்.

சமோயெது மொழிகளில் மட்டும் இந்தச் சொல் இல்லை, அவர்களுக்கு நூறுக்கு வேறு சொல். ஒன்று, இந்தச் சொல் வந்து சேர்ந்தபோது அவர்கள் ஏற்கனவே கிழக்கே தனியாகப் பிரிந்து போயிருக்க வேண்டும். இல்லையென்றால் வைத்திருந்து பிறகு தொலைத்திருக்க வேண்டும்.

'வந்து சேர்ந்தபோது' என்று சொன்னேன். ஆமாம், இது யூராலிக்கின் சொந்தச் சொத்து இல்லை, கடன். ஒன்றிலிருந்து ஆறு வரை பின்னிஷ் எண்கள் சொந்தம். எட்டும் ஒன்பதும் இரண்டையும் ஒன்றையும் வைத்துப் 'பத்துக்கு இரண்டு குறைவு', 'பத்துக்கு ஒன்று குறைவு' என்ற பாணியில் உள்ளூரிலேயே கட்டிக்கொண்டவை. நூறு வெளியிலிருந்து வந்தது. யார் கொடுத்தார்கள் என்பதுதான் சுவாரசியமான பகுதி, ஏனென்றால் சந்தேகத்துக்குரியவர்கள் பல பேர்.

இந்தோ-ஐரோப்பிய மொழிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் நூறுக்கு ஒரே மூலம்தான். லத்தீனில் 'கென்டும்', கிரேக்கத்தில் 'ஹெகதோன்', லிதுவேனியனில் 'ஷிம்தஸ்', பழைய ஜெர்மானிய மொழியான காத்திக்கில் 'ஹுந்த்', ரஷ்யனில் 'ஸ்தோ', பழைய இரானிய மொழியான அவெஸ்தனில் 'ஸதெம்', சமஸ்கிருதத்தில் 'ஶதம்'. ஆதிச் சொல்லில் முதலில் ஒரு மெல்லிய க, அதன்பின் உயிரெழுத்து வேலை பார்த்த ஒரு ம், அதன்பின் த. அந்த ம் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விதமாகப் போயிற்று: லத்தீனில் என், லிதுவேனியன் அடங்கிய பால்டிக்கில் இம், ஜெர்மானியத்தில் உன். கிரேக்கத்திலும், அவெஸ்தனும் சமஸ்கிருதமும் அடங்கிய இந்தோ-இரானியத்திலும் மூக்கொலி முற்றிலும் போய் வெறும் அகரம் மிஞ்சியது.

பின்னிக்காரர்களுக்குப் பக்கத்து வீடு பால்டிக், ஆகவே முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழும், நிறையச் சொற்களை அவர்களிடம் வாங்கியும் இருக்கிறார்கள். ஆனால் பால்டிக்கின் ஷ பின்னிக்கில் நுழைந்தால் ஹ ஆகிவிடும், லிதுவேனியனில் வைக்கோல் 'ஷியெனஸ்', பின்னிஷில் 'ஹெய்னா'. ஷிம்தஸைக் கடன் வாங்கியிருந்தால் ஹ-வில் தொடங்கி நடுவில் மூக்கொலியோடு ஏதோ ஒன்று வந்திருக்கும். ஸத அல்ல. ஜெர்மானியத்தின் ஹுந்தும் அதே காரணத்தால் அடிபடுகிறது. ரஷ்யன் அடங்கிய ஸ்லாவிக் கொஞ்சம் பார்க்க வேண்டிய ஆள், ஏனென்றால் அவர்களிடம் மூக்கொலியும் இல்லை, முதலில் ஸ-வும் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய பழைய சொல்லில் ஸ-வுக்கு அடுத்து இருந்தது குறுகிய உகரம் மாதிரி ஓர் ஒலி. அது பின்னிஷுக்கு வந்தால் உ ஆகவே வரும், கரண்டிக்கான 'லுஸிக்கா' அப்படி வந்ததுதான். ஸுதோ என்று இருந்திருக்க வேண்டும், இல்லை. அதோடு ஸ்லாவிக் மக்கள் பின்னிக்காரர்களைச் சந்தித்தது மிகப் பிந்தி, அதற்குள் ஹங்கேரியன் எங்கேயோ போய்விட்டது. கிரேக்கத்தில் க இன்னும் க-வாகவே இருக்கிறது, அதோடு அவர்கள் இருந்த இடம் வேறு.

மிஞ்சுவது இந்தோ-இரானியம். அதன் தாய்வடிவம் ஏறக்குறைய *ச்சதம், முதல் எழுத்து அண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் ச. இங்கேதான் சாமியும் எர்ஸ்யாவும் கைகொடுக்கின்றன. இரானிய மொழிகளில் அந்த ச சீக்கிரமே வெறும் ஸ ஆகிவிட்டது, அவெஸ்தனின் ஸதெம் அதற்குச் சாட்சி. அந்த மாற்றத்துக்குப் பிறகு கடன் வாங்கியிருந்தால் சாமியில் ஸ-வில்தான் தொடங்கியிருக்கும், எர்ஸ்யாவிலும் அப்படியே. தொடங்கவில்லை. ச்சவும் ஶவும்தான் இருக்கின்றன. ஆகவே இது அந்த மாற்றத்துக்கு முந்திய வாங்கல், இல்லையென்றால் இந்திய மொழிகள் பிரிந்து வந்த கிளைக்கு நெருக்கமானவர்களிடம் வாங்கியது. பின்னிஷை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் பின்னிக் மொழிகளில் பழைய ஶவும் ஸவும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இடமும் காலமும்? தெற்கு யூரல் மலைப் பக்கம், இன்றைய ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வட்டாரத்தில், சிந்தாஷ்தா என்ற பண்பாடு கி.மு. 2100 முதல் 1800 வரை இருந்தது. மதில் சூழ்ந்த குடியிருப்புகள், செம்புத் தொழில், ஆரக்கால் சக்கரம் வைத்த தேர்களோடு புதைத்த கல்லறைகள். இந்தோ-இரானியம் பேசியவர்கள் இவர்கள், அல்லது இவர்களின் நெருங்கிய உறவினர்கள் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. வடக்கே காட்டு மண்டலத்தில் யூராலிக் பேசியவர்கள், தெற்கே புல்வெளியில் இவர்கள்.

அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்த மற்ற சொற்களைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் இடையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிகிறது. பின்னிஷில் சுத்தியல் 'வஸர', அது இந்திரன் கையில் இருக்கும் வஜ்ரம். விலைமதிப்பு 'அர்வோ', சமஸ்கிருதத்தில் மதிப்பைக் குறிக்கும் 'அர்க'வின் உறவு. அடிமை 'ஒர்ய', இது 'ஆர்ய' என்ற சொல்லிலிருந்தே வந்தது என்பது பரவலான விளக்கம், போரில் பிடித்து வந்த ஆளை அவன் இனப்பெயராலேயே கூப்பிட்டிருப்பார்கள் போலிருக்கிறது. சுத்தியல், விலை, அடிமை, நூறு. சாமியார்கள் வந்து உபதேசம் செய்த பட்டியல் மாதிரி தெரியவில்லை, சந்தையும் சண்டையும் கலந்த வாடை அடிக்கிறது. காட்டில் வேட்டையாடி வாழ்பவருக்கு நூறு என்று ஒரு தனிச் சொல் தேவைப்படுவது, அவர் மூட்டை மூட்டையாக எதையாவது எண்ணி யாருக்காவது கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சமோயெதைத் தவிர எல்லாக் கிளைகளிலும் விதிப்படி அமைந்திருக்கிறது என்பதால் யூராலிக் முழுதும் ஒரே மொழியாக இருந்த நாளில் ஒரே தடவை வாங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஏற்கனவே பிரியத் தொடங்கிய, ஆனால் இன்னும் ஒருவருக்கொருவர் புரிகிற வட்டாரப் பேச்சுகள் வழியாகக் கைமாறிப் போன கடன் சொல்லும் கடைசியில் விதிப்படியே தோற்றமளிக்கும். அதனால்தான் முதல் உயிரெழுத்தை அகரமாக வைப்பதா, உதடு குவியாத வேறொரு பின்னுயிராக வைப்பதா என்பதுவரை இன்றும் சர்ச்சை ஓடுகிறது. இந்தோ-இரானியக் கடன்கள் முழுவதையும் ஒவ்வொன்றாக மறுபடி சோதித்த சாம்ப்ஸா ஹோலோபைனெனின் முனைவர் ஆய்வு 2019-இல்தான் ஹெல்சிங்கியில் வந்தது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்காக ஒன்று. கால்டுவெல் 1856-இல் திராவிட ஒப்பிலக்கணம் எழுதியபோது பின்னிஷ், ஹங்கேரியன் வகையறாக்களைச் 'சித்தியன்' என்ற பெயரில் திரட்டி, திராவிட மொழிகளையும் அந்தப் பக்கம் சாய்த்தார். அந்தக் கருத்தை இன்றும் சிலர் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவர்கள் போடும் பட்டியல்களில் கை, கேஸி என்ற ஜோடியும் வரும். ஒரே ஒரு ககரத்தை நம்பி உறவு கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் சதம், ஸத ஜோடியைச் சேர்த்தால் அது தெளிவான தப்பு. நம் 'சதம்' சமஸ்கிருதம் வழியாக வந்தது, நமக்குச் சொந்தமாக இருப்பது நூறு. அவர்களுக்கு அதே இந்தோ-இரானியக் கூட்டத்திலிருந்து வடக்கே போனது. இரண்டு பேர் ஒரே கடையில் கடன் வாங்கினால் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள்.

ஆயிரம் வேறு கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னிஷ் 'துஹத்' பால்டிக்கிடமிருந்து வாங்கியது, ஷ ஹ ஆன அதே அடையாளம் அதில் தெரியும். ஹங்கேரியன் 'எஃஸெர்' இரானியக் கடன், பாரசீகத்தின் 'ஹஃஸார்' அதன் உறவு. வட சாமி 'துஹாத்' பின்னிக்கிடமிருந்து வாங்கியது. சமோயெதைத் தவிர நூறு எல்லோருக்கும் ஒன்று, ஆயிரம் ஆளுக்கொன்று. ஆயிரம் வரைக்கும் எண்ண வேண்டிய தேவை வருவதற்குள் குடும்பம் கலைந்துவிட்டது.

ஸத இன்றைய பின்னிஷில் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்தால் எழுவாய் வடிவத்தை விட அதன் வேற்றுமை வடிவங்களில்தான் வேடிக்கை அதிகம். எழுவாய் ஸத, 'நூறின்' என்றால் 'ஸடன்'. அசை மெய்யெழுத்தில் முடிந்தால் நடுவில் உள்ள த மெலிய வேண்டும் என்பது அந்த மொழியின் பழைய விதி. முதலில் அது நம் 'பதம்' த போலத்தான் மெலிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் பின்னிஷை முதன்முதலாக அச்சில் ஏற்றிய மிக்கேல் அக்ரிகோலா அதற்காகவே இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதிப் பார்த்தார். பிறகு அந்த ஒலி நாட்டின் பெரும்பகுதியில் மறைந்துபோய், ஓரிடத்தில் ர ஆகி, இன்னோரிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆகி, கடைசியில் ஸ்வீடிஷ் படித்தவர்கள் எழுத்தைப் பார்த்து ட என்று வாசித்ததே இன்றைய பொதுமொழி ஆயிற்று. மேற்குக் கடற்கரையில் ரவுமா பக்கம் மட்டும் பழைய மெல்லொலி 20-ஆம் நூற்றாண்டு வரை முதியவர்கள் வாயில் இருந்தது. எஸ்டோனியன் இன்னும் ஒரு படி மேலே போய், 'நூறின்' என்பதற்கு 'ஸய' என்கிறது, த இருந்த தடமே இல்லை.

ரவுமாவும் போரி நகரமும் இருக்கும் மாகாணத்தின் பெயரே 'ஸதகுந்த', அதாவது நூறு சேர்ந்த சமூகம். நூறு வீடுகளா நூறு ஆட்களா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ஆனால் ஸ்வீடனில் அந்தக் காலத்தில் நிர்வாகப் பிரிவுகளுக்கு நூறை வைத்தே பெயரிட்ட வழக்கத்தோடு சேர்த்துத்தான் இதை விளக்குவார்கள். 100 யூரோ நோட்டு 'ஸதனென்', 100 மீட்டர் ஓட்டமும் அதே ஸதனென். நூற்றாண்டு 'வுவோஸிஸத'. ரோமானியப் படையின் நூற்றுவர் தலைவனுக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் 'ஸடன்பாமியெஸ்'. இரவில் பாடும் நைட்டிங்கேல் பறவை 'ஸதகியெலி', நூறு நாக்கு உள்ளது என்று அர்த்தம். 'கியெலி' நாக்கையும் குறிக்கும், மொழியையும் குறிக்கும்.

இருநூறு, முந்நூறு என்று எண்ணும்போது ஸத 'ஸதா' ஆகும்: 'கக்ஸிஸதா', 'கொல்மெஸதா'. இந்த ஸதாவுக்கும் 'மழை பெய்கிறது' என்ற வினைக்கும் எழுத்து ஒன்றே, ஒலியும் ஒன்றே. வேர்கள் வேறு, மழைச் சொல் பின்னிக்குக்குள்ளேயே இருந்த, விழுவதைக் குறிக்கும் வேறொரு *ஸத. அறுவடைக்கு 'ஸதோ' என்று ஒரு சொல் இருக்கிறது, அதன் பன்மையும் நூறின் பன்மையும் சில வேற்றுமைகளில் ஒன்றே, 'ஸதொய' என்றால் நூற்றுக்கணக்கானவை என்றும் வரும், விளைச்சல்கள் என்றும் வரும். இதெல்லாம் தற்செயல். நட்சத்திரம் போட்ட ஒரு *ஸதவுக்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்று நிற்கிறது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

உண்மையான உறவினர்கள் பின்னிஷுக்குள் பிந்தி வந்து வேறு உருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். யூரோவின் நூறில் ஒரு பங்கு 'ஸென்த்தி', சதவீதம் 'ப்ரொஸென்த்தி', இரண்டும் லத்தீனின் கென்டும். நிலத்தை அளக்கும் 'ஹெஹ்தாரி' கிரேக்க ஹெகதோன், பிரெஞ்சு வழியாக வந்தது. ஹெல்சிங்கியில் ஒரு கடைக்காரர் 'ஸத ஸென்த்தியா' என்று சில்லறையை எண்ணிக் கொடுக்கும்போது இரண்டு சொல்லும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, ஒன்று புல்வெளி வழியாக ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்பும் இன்னொன்று ஐரோப்பிய நாணயக் கணக்கின் வழியாக மிக அண்மையிலும்.